மருமகனின் ஹாக்கியும் பக்கத்து வீட்டுக் கிழவரும்

கிச்சனர், ஒண்டாரியோ
ஜனவரி 18

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதமும் நார்த்தங்காய் ஊறுகாயும் போன வாரமே வந்துவிட்டன. நாலு மாசமாக ஒரு வரி எழுதவில்லை என்று நீ திட்டியதில் தப்பே இல்லை. போனில்தான் பேசுகிறேனே என்று தப்பித்துக்கொள்ளலாம், ஆனால் போனில் அப்பா "சாப்பிட்டியா, சரி வச்சிரட்டா" என்பதோடு முடித்துவிடுவார், கடிதம் என்றால் கண்ணாடியைத் தேடி எடுத்து மூன்று தடவை படிப்பார். அதனால் இதை அவரிடம் கொடு. கடைசிப் பக்கத்தை மட்டும் நீ எடுத்து வைத்துக்கொள்.

நான் நன்றாக இருக்கிறேன். போட்டோவில் இளைத்த மாதிரி தெரிவது அந்தக் கறுப்பு ஜாக்கெட்டால். இன்றைக்கு இங்கே மைனஸ் 19. தலை காயாமல் பஸ்ஸுக்கு நின்றால் முடி குச்சி குச்சியாக விறைத்துக்கொள்கிறது. நீ கொடுத்தனுப்பிய தேங்காய் எண்ணெயைக் கரண்டிக் காம்பால் குத்தித்தான் எடுக்கிறேன்.

சரி, உன் பையன், என் மருமகன் விஷயம். கோச் சார் அவனை வெளியூர் ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலில் சேர்க்கச் சொல்கிறார், மாவட்டப் போட்டியில் ஒரு கோல்கூடப் போடாதவனை எதற்கு அனுப்ப வேண்டும் என்று அத்தான் முறுக்கிக்கொண்டிருக்கிறார், நீ நடுவில் நின்று என்னைக் கேட்கிறாய். இதற்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு ஆள் கிடைத்திருக்கிறார்.

பக்கத்து வீட்டுக் கிழவர்தான். பனி கொட்டினால் என் வாசலையும் சேர்த்து வழித்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போவாரே, அவரேதான். முதல் நாள் எந்த ஊர் என்று கேட்டார், கோவில்பட்டி, ஹாக்கி ஊர் என்றேன். மனுஷன் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, இந்தியாவில் அவ்வளவு ஐஸ் எங்கே இருக்கிறது என்றார். இங்கே ஹாக்கி என்றால் ஐஸ்தான், நம்முடையதற்கு முன்னால் 'ஃபீல்டு' என்று ஒட்டுப் போட்டால்தான் புரியும். 2022இல் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை ஆடிய மாரீஸ்வரனும் கார்த்தியும் எங்கள் மைதானத்தில் பழகியவர்கள் என்று போனில் காட்டினேன். அன்றிலிருந்து என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு ரிங்க் ரிங்காக, அதாவது ஐஸ் மைதானம் ஒவ்வொன்றாகச் சுற்றுகிறார். நல்ல ஹீட்டர் வண்டி.

ரிட்டயர் ஆன பிறகு ஒரு ஜூனியர் டீமுக்கு ஸ்கவுட் வேலை, அதாவது நல்ல பையன்களைத் தேடிப் பிடிக்கிற வேலை பார்க்கிறார், பெட்ரோல் காசுதான் மிஞ்சும் போல. இங்கே ஓஹெச்எல் என்று 20 டீம் உள்ள ஒரு ஜூனியர் லீக், எங்கள் ஊர் ரேஞ்சர்ஸும் அதில்தான் ஆடுகிறது. பதினைந்து, பதினாறு வயதுப் பையன்களை வருஷத்துக்கு ஒரு தடவை முறை வைத்து எடுத்துக்கொள்வார்கள். அதில் தேறி 18 வயதானால் என்ஹெச்எல் என்கிற பெரிய லீக்கின் டிராஃப்ட், அங்கேயும் இதே மாதிரி முறை வைத்து எடுப்பதுதான், 32 டீம், ஏழு சுற்று, உலகம் முழுக்கச் சேர்த்து 224 பேர். பேர் வந்தாலும் பாதிப் பேருக்கு மேல் பெரிய மேட்சில் கால் வைக்காமலே போய்விடுகிறார்கள்.

தாத்தா மாட்டுத் தாவணியில் பல்லைப் பிடித்துப் பார்ப்பதற்கு முன்னால் தூரத்தில் நின்று மாடு நடக்கிற நடையைப் பார்ப்பாரே, இவரும் அதே ஜாதி. மேட்சுக்கு அரை மணி முன்னாலேயே போய் மூலையில் உச்சிப் படியில் உட்கார்ந்துவிடுவார். பக் (நம்ம பந்துக்குப் பதில் இங்கே ரப்பர் வட்டு) எங்கே ஓடினாலும் இவர் கண் ஒரே பையன் மேல் இருக்கும். 45 செகண்டு ஆடிவிட்டு அவன் பெஞ்சுக்குப் போனாலும் கண் கூடவே போகும்.

போன மாசம் ஒரு நெட்டைப் பையன், ஃபார்வர்டு, மூன்று கோல் போட்டான். இவனை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். கிழவர் நோட்டை மூடிவிட்டார். "இவன் மீசை முளைத்தவன். மற்றவர்களுக்கும் மீசை முளைக்கட்டும், அப்போது பார்க்கலாம்" என்றார். அன்றைக்கே எதிர் டீமில் ஒரு பொடியன், கோல் எதுவும் இல்லை, அவனைப் பற்றி அரைப் பக்கம் எழுதினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அடுத்த மேட்சில் என்னிடம் ஒரு பென்சிலைக் கொடுத்து, பக் தன்னிடம் வருவதற்கு முன்னால் அந்தப் பொடியன் எத்தனை தடவை தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கிறான், கோடு போடு என்றார். முதல் பீரியடிலேயே 14 கோடு. நெட்டையனுக்கு இரண்டு. அப்புறம் இன்னொன்று, பக்கைப் பறிகொடுத்ததும் நெட்டையன் கையை விரித்து ரெஃபரியைப் பார்க்கிறான், பொடியன் அந்த நிமிஷமே திரும்பி 200 அடி ரிங்க்கில் பாதியைத் தாண்டி ஓடிப் போய்ப் பிடுங்குகிறான்.

கிழவர் சொல்கிற கதைகள் தனி. 1993 என்ஹெச்எல் டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்ட அலெக்ஸாண்டர் டெய்க், சுமாராக ஆடி ஓய்ந்துபோனார். 1998இல் 170 பேர் போன பிறகு டெட்ராய்ட் டீம் எடுத்த ரஷ்யக்காரர் பாவெல் டட்சியூக், என்ஹெச்எல் ஜெயித்தவர்களுக்குத் தருகிற ஸ்டான்லி கோப்பையை இரண்டு தடவை தூக்கினார். மார்ட்டின் செயின்ட் லூயி குள்ளம் என்று ஒருவருமே எடுக்கவில்லை, 2004இல் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் பரிசு அவருக்கு.

முக்கியமான ஒன்று, அத்தானுக்குப் படித்துக் காட்டு. இங்கே வயதுக் கணக்கு ஜனவரி 1இல் தொடங்குகிறது. 1980களிலேயே எண்ணிப் பார்த்திருக்கிறார்கள், நல்ல ஜூனியர் டீம்களில் வருஷத்தின் முதல் மூன்று மாசத்தில் பிறந்தவர்கள்தான் குவிந்திருந்தார்களாம். ஜனவரிப் பையனுக்கும் டிசம்பர்ப் பையனுக்கும் கிட்டத்தட்ட ஒரு வயசு வித்தியாசம், ஆனால் ஒரே டீம், ஒரே அளவுகோல். நம்ம பையன் கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் பிறந்தவன் அக்கா. அவன் சின்னதாகத்தான் இருப்பான்.

ஒரு நாள் ரிங்க்கில் ஆள் வருவதற்கு முன்னால், ஒரே ஒரு பையன் மட்டும் பலகையில் அடித்துப் பழகிக்கொண்டிருந்தான். டக், டக் என்று அந்தச் சத்தம். கண்ணை மூடினேன், காலை ஐந்தரை மணி, நம்மூர் மைதானம், அப்பா சைக்கிளை ஸ்டாண்டு போடுகிறார், தீப்பெட்டி ஆபீஸ் வேனில் பொம்பளைகள் பேசிக்கொண்டு போகிறார்கள். ஐந்து வயசில் நம்ம பையன் உடைமரக் கிளையை வளைத்து வெட்டி வைத்துக்கொண்டு வாசலில் நின்று என்னை உள்ளே விடமாட்டேன் என்றானே, அதுவும் ஞாபகம் வந்தது. கிழவர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் காபி வாங்கப் போய்விட்டார்.

அதனால் இப்போது ஹாஸ்டல் பற்றி எதுவும் முடிவு பண்ண வேண்டாம். மேட்சை வீடியோ எடுத்து அனுப்பு, பந்து பின்னால் போகாதே, இவன் மேலேயே போனை வைத்து ஒரு குவார்ட்டர் பதினைந்து நிமிஷமும் எடு. கிழவரும் நானும் உட்கார்ந்து கோடு போடுகிறோம். ஹாஸ்டலுக்கே போனாலும், வெளியூர் போய் வேற்று மனிதர் வீட்டில் தங்கி ஆடுகிற பையன்களைப் பற்றிக் கிழவர் அந்த வீட்டம்மாவிடம் கேட்கிற முதல் கேள்வி, சாப்பிட்ட தட்டைக் கழுவுகிறானா என்பதுதான். இவன் கழுவ மாட்டான். இன்றைக்கே ஆரம்பி.

இனி உனக்கு மட்டும்.

குளிர்காலத்தில் இங்கே எல்லாருக்கும் ஷிஃப்ட் குறையும், எனக்கும் குறைந்திருக்கிறது, வேறொன்றும் இல்லை. கல்விக் கடன் சம்பந்தமாக பேங்கிலிருந்து ஏதாவது கடிதம் வந்தால் அப்பா கையில் கொடுக்காதே, போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. சித்தப்பா கரிசல் காட்டை விற்கலாம் என்று மறுபடி வந்தால் என் கையெழுத்து இல்லாமல் முடியாது என்று சொல்லிவிடு. உன் செயினை மாசிக்குள் மீட்டுவிடலாம் என்று சொல்லியிருந்தேன். சித்திரை ஆகும். அத்தானிடம் நீயாக எதுவும் சொல்ல வேண்டாம்.

என் பழைய ஸ்டிக் பரணில் சாக்குக்குள் இருக்கிறது. எலி கடிக்காமல் இருந்தால் எடுத்து அவனுக்குக் கொடு. கைப்பிடித் துணியை மட்டும் மாற்றச் சொல், அது என் கை வேர்வை.

உன் தம்பி