இன்னொரு பட்டம் இப்போதைக்கு வேண்டாம்

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து படுத்தால் எழுந்திருக்கவே மனசு வருவதில்லை. கோபித்துக்கொள்ளாதே.

தம்பி டொராண்டோ வந்ததும் கடன் வாங்கியாவது இன்னொரு முதுநிலைப் பட்டம் படிக்கப்போகிறான் என்று எழுதியிருந்தாய். அவசரப்பட வேண்டாம் என்று சொல். பிலிப் ஒரியோபவுலோஸ் என்ற பொருளியல் பேராசிரியர் இந்த ஊர் வேலை விளம்பரங்களுக்கு ஆயிரக்கணக்கில் போலி ரெஸ்யூமே அனுப்பிப் பார்த்து, 2009-இல் ஆய்வு வெளியிட்டார். ஆங்கிலப் பெயர், கனடா படிப்பு, கனடா அனுபவம் என்றால் நூற்றுக்கு 16 நேர்காணல் அழைப்பு. இந்திய, சீன, பாகிஸ்தானியப் பெயரோடு வெளிநாட்டுப் படிப்பும் அனுபவமும் என்றால் 5. அனுபவத்தை மட்டும் கனடாவுக்கு மாற்றியதும் 11! நாலைந்து வருஷம் இங்கே வேலை பார்த்திருந்தால், பட்டம் எங்கே வாங்கியது என்று யாரும் கண்டுகொள்ளவில்லை. அப்பவும் 16 வரவில்லையே என்கிறாயா? அது பெயருக்கு விழுகிற அடி.

சரி, முதல் அனுபவத்துக்கு எங்கே போவது? கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்கிற கதைதான். நான் ஒன்பது வருஷம் சிவில் இன்ஜினியராக இருந்தவள். இங்கே ஃபோனில் பேசியவர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றே ஒன்று: "கனேடியன் எக்ஸ்பீரியன்ஸ் இருக்கிறதா?" கடைசியில் ரெஸ்யூமேயிலிருந்து எம்.இ.யை அழித்தேன். மறுவாரமே ஒரு கிடங்கில் வேலை. ஸ்கேனரும் கையுமாக, பெட்டியை எடு, பீப், வை, பீப். தூக்கத்திலும் அதே சத்தம். இதுவும் கனடா அனுபவம்தான், ஆனால் இன்ஜினியர் வேலைக்குச் செல்லாது. ஆறு மாதத்துக்கு என்று சேர்ந்தேன். இப்போது இரண்டாவது குளிர்காலம்.

சட்டம் என்னவோ மாறியிருக்கிறது. 2023 மே முதல் டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் பொறியாளர் உரிமத்துக்குக் கனடா அனுபவம் கட்டாயமில்லை. 2026 ஜனவரி 1 முதல், 25 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனங்கள் அதை விளம்பரத்தில் கேட்கவும் கூடாது. விளம்பரத்தில்தான். மனசுக்குள் கேட்பதை யார் தடுக்க முடியும்?

உரிமத் தேர்வுக்குப் பணம் கட்டிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைதான் படிக்க முடிகிறது, நாலு பக்கம் தாண்டுவதற்குள் கண் சொருகுகிறது.

அப்புறம், தம்பி எந்தத் துறை என்று நீ எழுதவே இல்லையே? உரிமம் தேவைப்படுகிற துறை என்றால் அங்கிருந்தே விண்ணப்பிக்க வழி உண்டா என்று பார்த்துச் சொல்கிறேன். டிக்கெட் போடுவதற்கு முன்னால் எழுது.

அன்புடன்,
சுமதி