ஹவல்லி மேல்மாடி ஹஜ்ஜாவுக்கு நன்றி

இந்த நன்றியைச் சொல்ல 30 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. சேர வேண்டியவர்களின் முகவரி என்னிடம் இல்லை. அதனால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தபோது, ஹவல்லியில் ஒரு மளிகைக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாளி போன இடம் தெரியவில்லை. சம்பளப் பாக்கியும் போயிற்று. சரி, அது வேறு கதை. பாலஸ்தீனர்கள் நிறைந்திருந்த பகுதி அது. எங்கள் அறைக்கு மேல்மாடியில் ஒரு குடும்பம். அந்த வீட்டுப் பாட்டியை, வயதான பெண்களை மரியாதையாக அழைக்கும் சொல்லான ஹஜ்ஜா என்றுதான் கூப்பிடுவோம்.

நான் ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் என் பெட்டியைத் திறந்து பார்த்த ஹஜ்ஜா சிரித்துவிட்டார். தங்கைக்கு வாங்கிய புடவை, டேப்ரிக்கார்டர் எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்தார். 1948இல் வீடிழந்த 7 லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்களில் அவரும் ஒருவர். அந்த ஜூலையில் இஸ்ரேல் படை அவர்களைச் சொந்த ஊரான லித்தாவை விட்டுத் துரத்தியபோது அவர் சிறுமி. நாலு நாளில் திரும்பிவிடலாம் என்று அம்மா வீட்டைப் பூட்டிச் சாவியை முடிந்துகொண்டாராம். தண்ணீர் எடுக்கத் தோன்றவில்லை. ரமல்லா பக்கம் வெயிலில் நடந்தபோது தாகத்தில் விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறார். என் அரைகுறை அரபிக்குப் புரிந்தது இவ்வளவுதான்.

"தண்ணீர், ரொட்டி, காகிதம். போதும்" என்றார். பாஸ்போர்ட் வைக்க, சிவப்பு நூல் வேலை செய்த துணிப்பை ஒன்றும் கொடுத்தார். ஜோர்டான் எல்லைப் பாலைவனத்தில் கிடந்த இரண்டு நாளும் அவர் தந்த கேன்தான் நாலு பேரைக் காப்பாற்றியது.

ஜோர்டான் தலைநகர் அம்மானில் தேநீரும் ஸாத்தர் என்ற மூலிகைப் பொடி தூவிய ரொட்டியும் கொண்டுவந்த வஹ்தாத் முகாம் பெண்களுக்கும் நன்றி. 1955இல் ஏற்பட்ட பாலஸ்தீன அகதி முகாம் அது. அவர்கள் எங்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள்!

அப்புறம் ஏர் இந்தியா வந்தது. சுமார் 1,70,000 இந்தியர்களை ஏற்றிவந்தார்கள். எனக்கு இறங்க ஓர் ஊர் இருந்தது.

1991இல் குவைத் மீண்டதும், பாலஸ்தீனத் தலைவர் அராபத் ஈராக் அதிபர் சதாம் பக்கம் சாய்ந்த கோபம், போருக்கு முன் அங்கிருந்த சுமார் 4 லட்சம் பாலஸ்தீனர்கள் மேல் விழுந்தது. பெரும்பாலோர் ஜோர்டானுக்குப் போக வேண்டியதாயிற்று. நான் போட்ட கடிதம் திரும்பி வந்தது. ஹஜ்ஜா, அந்த இரண்டாவது தடவை உங்கள் பெட்டியை யார் பார்த்துக் கொடுத்தார்கள்?

துணிப்பை பத்திரமாக இருக்கிறது. எங்கள் வீட்டுப் பத்திரத்தை அதில்தான் வைத்திருக்கிறேன்.