பட்டியலை மூடி வை

அன்பு மகளுக்கு,

அலுவலகத்தின் ஆங்கிலப் பேச்சில் டேக் ஆன், டேக் இன், டேக் ஆஃப் என்று வரும்போதெல்லாம் பொருள் நழுவிவிடுகிறது என்றும், அதற்காக ஒரு நீண்ட பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்யப் போவதாகவும் எழுதியிருந்தாய். அந்தப் பட்டியலை மூடி வைத்துவிடு. ஒரே வினையில் தொடங்கும் தொடர்களை அடுக்கடுக்காகப் படித்தால் ஒன்றின் பொருள் இன்னொன்றோடு குழம்பும். பேச்சின் நடுவே எது எதற்குரியது என்று தேடிக்கொண்டு நிற்பாய்.

நீ தடுமாறுவதில் வியப்பில்லை. வினைக்குப் பின்னால் ஒரு சிறு சொல்லைச் சேர்த்துப் பொருளை மாற்றும் இந்த வழக்கம் அயல்மொழியினருக்கு மிகப் பெரிய இடர் தருவது என்று அகராதி தொகுத்த ஆங்கில அறிஞர் சாமுவேல் ஜான்சனே 1755-இல் வெளிவந்த தம் ஆங்கில அகராதியின் முன்னுரையில் குறிப்பிட்டிருக்கிறார். இத்தனைக்கும் டேக் என்ற வினையே ஆங்கிலத்திற்கு வந்தேறிதான். வட ஐரோப்பியக் கடலோடிகளான வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்து, அதே பொருளில் முன்பு வழங்கிய நிமன் என்ற சொல்லைக் காலப்போக்கில் ஒதுக்கிவிட்டு, அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

தமிழில் இத்தகைய தொடர்களை நீ பட்டியல் போட்டா கற்றாய்? 'தம்பிக்கு விட்டுக்கொடு' என்றால் அவனுக்காக இறங்கிப் போ என்று பொருள். 'தம்பியை விட்டுக்கொடுக்காதே' என்றால் பிறர் முன்னிலையில் அவனைத் தாழ்த்திவிடாதே என்று பொருள். வினை ஒன்றே. கூட நிற்கும் பெயரும் அதன் வேற்றுமையும்தான் பொருளை முடிவு செய்கின்றன. ஆங்கிலத்திலும் நீ கவனிக்க வேண்டியது உடன் வரும் பெயரைத்தான். விமானம் எழுவாயாக நின்று, செயப்படுபொருள் இல்லாமல் வந்தால் டேக் ஆஃப் என்பது மேலெழும்புதல். காலணியோ சட்டையோ செயப்படுபொருளானால் கழற்றுதல். விலையில் ஒரு தொகை என்றால் கழித்தல். டேக் ஆனும் அப்படியே: புதிய ஊழியர் என்றால் பணியில் அமர்த்துதல், வேலை என்றால் பொறுப்பேற்றல், வலிமையான போட்டியாளர் என்றால் எதிர்த்து நிற்றல். டேக் இன் என்பதில்தான் எச்சரிக்கை தேவை. செய்தி என்றால் உள்வாங்குதல், போக்கிடமற்றவர் என்றால் அடைக்கலம் தருதல், தைத்த ஆடை என்றால் பிடித்துச் சிறிதாக்குதல். ஆனால், ஒருவர் 'டேக்கன் இன்' ஆனார் என்று செயப்பாட்டில் கேட்டால், அவர் ஏமாற்றப்பட்டார் என்பதே பெரும்பாலும் பொருளாக இருக்கும்.

சொல் வரிசையில் ஒரு விதியைப் பிடித்துக்கொள். 'டேக் ஆஃப் யுவர் ஷூஸ்' என்றும் சொல்லலாம், 'டேக் யுவர் ஷூஸ் ஆஃப்' என்றும் சொல்லலாம்; பெயருக்குப் பதிலாகப் பிரதிப்பெயர் வந்தால் 'டேக் தெம் ஆஃப்' மட்டுமே சரி, அப்போது அழுத்தம் ஆஃப் மீது விழும். ஒருவரின் சாயலில் இருத்தலைக் குறிக்கும் டேக் ஆஃப்டர் இந்த விதிக்கு உட்படாது, அதைப் பிரிக்கவே முடியாது. நீ என்னை டேக் ஆஃப்டர் செய்கிறாய் எனலாம். நான் உன்னை என்று திருப்பிச் சொல்ல முடியாது, ஏனெனில் சாயல் மூத்தவரிடமிருந்து இளையவருக்கு வருவதையே அது குறிக்கும். (உன் பிடிவாதத்திற்கு மட்டும் உன் தந்தையைத்தான் சுட்ட வேண்டும்.)

ஒரு செய்தியை முழுதாக நம்பாமல் ஏற்பதைக் குறிக்கும் 'டேக் இட் வித் எ பிஞ்ச் ஆஃப் சால்ட்' போன்ற மரபுத்தொடர்களை இப்படிப் பகுத்துப் பார்க்க வேண்டாம், முழுதாகவே எடுத்துக்கொள்.

அறிக்கையில் டேக் ஆனுக்குப் பதில் ரெக்ரூட் என்று நீ எழுதுவது பொருத்தமே. பேச்சிலும் அப்படியே கனமான சொற்களையே ஆள்வதால்தான் உன் பேச்சு சற்று விறைப்பாக ஒலிக்கிறது என்று நினைக்கிறேன். இனி இத்தகைய தொடர் ஒன்று காதில் விழுந்தால், அதை மட்டும் குறிக்காமல், யார் எதைப் பற்றிச் சொன்னார் என்பதோடு முழு வாக்கியத்தையும் எழுதி வை. புரியாதவற்றை எனக்கு அனுப்பு, சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அம்மா