கோளிக்குத் தீன் போட்டாச்சு

ஒட்டுசுட்டான்

அன்பு நண்பருக்கு,

உமது கடிதம் போன கிழமை வந்து சேர்ந்தது. ரொறன்ரோவில் உமது பேரன் தமிழ்ப் பாடத்தைத் தடங்கலின்றி வாசிக்கிறான் என்றும், வாசித்ததற்குப் பொருள் கேட்டால் விழிக்கிறான் என்றும் எழுதியிருந்தீர். தரம் 2 படிக்கும் என் பேத்தியின் நிலை நேர்மாறானது. எழுத்துக் கூட்டித் தட்டுத்தடுமாறுவாள். ஆனால் சொல் முடியுமுன்பே பொருள் அவளுக்கு எட்டிவிடும்.

வாசித்து விளங்குவது எழுத்தை ஒலியாக்கும் திறனும் மொழியறிவும் சேர்ந்த பெருக்கற்றொகை என்று 1986 இல் கவ், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதினார்கள். கூட்டலல்ல, பெருக்கல், ஒன்று பூச்சியமானால் விடையும் பூச்சியம். நாற்பது வருடம் வெண்கட்டி பிடித்தவனுக்கு இதில் சந்தேகமில்லை. 2010 இல், இடம்பெயர்ந்து படிப்பை இழந்த பத்து வயதுப் பையன் ஒருவன், சின்னப் பிள்ளைகளோடு கால்மடக்கி என் வகுப்பில் இருந்தான். 'கொக்கு' என்ற சொல்லில் காதுக்கு முதலில் கேட்பது ககரம், கண்ணுக்கு முதலில் படுவதோ கொம்பு என்பதே அவனை ஒரு மாதம் மறித்தது. அதைக் கடந்ததும் எட்டு மாதத்தில் சரளமாக வாசித்தான். காட்டையும் தேனெடுப்பையும் பற்றி அவன் வாயில் இருந்த சொல்வளம் அப்படி. ஆனால் பிறர் துணையின்றி ஒரு பக்கக் கட்டுரை எழுத இன்னும் மூன்று வருடம் சென்றது.

எழுதும் திறன் ஏன் இவ்வளவு பின்தங்குகிறது? முந்தாநாள் பேத்தி கதவில் ஒரு துண்டு ஒட்டியிருந்தாள்: "அம்மம்மா கோளிக்கு தீன் போட்டாச்சு." ழகரத்தைச் சுட்டிக்காட்டினேன். "அப்பிடித்தானே சொல்லுறனாங்கள்" என்றாள். அவள் சொன்னது சரிதான். நம் வாயில் ழவும் ளவும் ஒன்றாகிவிட்டன. காதை நம்பி எழுதினால் கோழி கோளியாகத்தான் வரும். வாசிக்கும்போது கண்முன் இருக்கும் எழுத்தை அடையாளம் கண்டால் போதும். எழுதும்போதோ அதை நினைவிலிருந்து எடுக்க வேண்டும். அந்த நினைவு அதே சொல்லைப் பல கதைகளில் பார்த்துப் பார்த்தும் ஊறுகிறது. (நம் காலத்தில் பிழைக்கு ஐம்பது தரம் எழுதவைத்தோம். அதை நினைக்க இப்போது கூச்சமாக இருக்கிறது.)

பேரனைத் தன் கையால் நாலு வரி எழுதச் சொல்லி அனுப்பும். பிழை திருத்த வேண்டாம். அவனுக்கு விளங்காத சொற்களைப் பேத்தி சொல்லிக்கொடுப்பாள், அவளுடைய ழகரத்தை அவன் பார்த்துக்கொள்ளட்டும்.

அன்புடன்,
உமது பழைய வகுப்புத் தோழன்