வீடியோவைப் பார்த்துச் சம்மதத்தை அறிய முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆபாச வீடியோ பார்ப்பது தனிமனித ஒழுக்கம் பற்றிய விஷயம், பாலியல் சுரண்டல் குற்றவாளிகள் பற்றிய விஷயம், இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். விவாதங்களும் அப்படியே நடக்கின்றன. ஒரு தரப்பு ஒழுக்கம் பேசுகிறது, மறுதரப்பு சுதந்திரம் பேசுகிறது. கேமராவுக்கு முன்னால் இருப்பவர் அங்கே எப்படி வந்து சேர்ந்தார் என்று இரு தரப்புமே கேட்பதில்லை. எல்லா ஆபாசப் படங்களும் கட்டாயப்படுத்தி எடுக்கப்பட்டவை என்று நாங்கள் சொல்லவில்லை. அது உண்மையும் அல்ல. எது சம்மதத்தோடு எடுத்தது, எது மிரட்டி எடுத்தது என்பதைப் பார்ப்பவரால் கண்டுபிடிக்கவே முடியாது என்பதுதான் எங்கள் வாதம். சுரண்டுகிறவர்களின் பிழைப்பே இதில்தான் நடக்கிறது.

அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் இயங்கிய ‘கேர்ள்ஸ் டூ போர்ன்’ என்ற ஆபாச இணையதளத்தின் வழக்கைப் பாருங்கள். இளம்பெண்களுக்கு முதலில் கண்ணில் பட்டது ஆடை அணிந்து செய்யும் மாடலிங் வேலைக்கான விளம்பரம். தொடர்பு கொண்ட பிறகே உண்மையான வேலை என்னவென்று தெரிந்தது. கூடவே வாக்குறுதிகளும் வந்தன: இணையத்தில் வராது, வெளிநாட்டில் டிவிடியாக மட்டும் விற்போம், பெயர் வெளியே தெரியாது. தயங்கிய பெண்களிடம் பேசுவதற்கென்றே கூலி கொடுத்துச் சில பெண்களை வைத்திருந்தார்கள். “நானும் நடித்தேன், எதுவும் வெளியே வரவில்லை” என்று தொலைபேசியில் சொல்வதுதான் அவர்கள் வேலை. ஓட்டல் அறைக்கு வந்த பிறகு, படித்துப் பார்க்க நேரம் தராமல் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அதில் இணையதளத்தின் பெயர் இருக்காது. பின்வாங்கியவர்களை வழக்குப் போடுவோம், ஊர் திரும்பும் டிக்கெட்டை ரத்து செய்வோம் என்று மிரட்டினார்கள். பிறகு வீடியோ இணையத்தில் ஏறியது; லிங்க் அவர்களுடைய குடும்பத்தாருக்கும் கல்லூரி நண்பர்களுக்கும் போய்ச் சேர்ந்தது.

22 பெண்கள் தொடுத்த சிவில் வழக்கில் 2020 ஜனவரியில் சுமார் 1.27 கோடி டாலர் இழப்பீடு வழங்கத் தீர்ப்பானது. அந்த வீடியோக்களின் உரிமையும் அவர்களுக்கே தரப்பட்டது. குற்ற வழக்கில் படங்களில் நடித்த ஆணுக்கு 20 ஆண்டு சிறை. தப்பி ஓடி, எஃப்பிஐயின் அதிகம் தேடப்படும் பத்துப் பேர் பட்டியலில் இடம்பெற்ற தலைமைக் குற்றவாளி 2022 டிசம்பரில் ஸ்பெயினில் பிடிபட்டார். 2025இல் அவருக்கு 27 ஆண்டு சிறை விதிக்கப்பட்டது. அந்த வீடியோக்களைப் பார்த்தவர்களுக்கு இதில் எதுவும் தெரிந்திருக்க வழியில்லை. கையெழுத்து இருந்தது, சிரித்த முகம் இருந்தது. அடையாள அட்டையைக் கேமராவுக்குக் காட்டி “என் விருப்பத்தோடுதான் வந்தேன்” என்று சொல்ல வைத்துப் பதிவு செய்வது இந்தத் தொழிலில் வழக்கம். கதவுக்கு அந்தப் பக்கம் யார் நிற்கிறார் என்பது அந்தப் பதிவில் வராது.

பணம் எங்கே போனது என்று பார்த்தால் தொடர்பு இன்னும் துலக்கமாகும். போர்ன்ஹப் உள்ளிட்ட தளங்களை நடத்தும் அய்லோ நிறுவனம், இந்தக் கும்பலின் ஆள்கடத்தல் வருமானத்தில் பங்கு பெற்றது தொடர்பாக 2023 டிசம்பரில் அமெரிக்க அரசுடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. 18 லட்சம் டாலருக்கு மேல் கட்டவும், கண்காணிப்பாளர் ஒருவரை ஏற்கவும் ஒப்புக்கொண்டது. ஓர் அறையில் நடந்த மோசடி, விளம்பர வருமானமாகவும் சந்தாவாகவும் மாறி, உலகின் மிகப் பெரிய தளங்களில் ஒன்றின் கணக்கில் வரவாகியிருக்கிறது.

சட்டம் இதை ஆள்கடத்தல் என்பதில் சிலருக்கு வியப்பு. எல்லை தாண்டினால்தான் கடத்தல் என்று நினைக்கிறார்கள். ஐநாவின் 2000ஆம் ஆண்டு பலேர்மோ நெறிமுறை அப்படிச் சொல்லவில்லை. ஆளைச் சேர்ப்பது, கொண்டு செல்வது, தங்க வைப்பது போன்ற செயல்; மிரட்டல், ஏமாற்று, இயலாமையைப் பயன்படுத்துவது போன்ற வழிமுறை; சுரண்டும் நோக்கம். இந்த மூன்றும் சேர்ந்தால் கடத்தல். அந்த வழிமுறைகளில் ஒன்று கையாளப்பட்டிருந்தால், பாதிக்கப்பட்டவர் “சரி” என்று சொன்னதற்கு மதிப்பில்லை. 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் வழிமுறையை நிரூபிக்கவே தேவையில்லை.

ஸ்டூடியோவும் ஓட்டல் அறையும்கூட வேண்டாம், ஒரு போன் போதும் என்று காட்டியது தென்கொரியாவின் ‘என்த் ரூம்’ வழக்கு. நல்ல சம்பளத்தில் பகுதி நேர வேலை என்ற விளம்பரம். வேலைக்கென்று பெயர், முகவரி, புகைப்படம் வாங்கினார்கள். அதை வைத்து இன்னொரு படம் கேட்டார்கள், அந்தப் படத்தை வைத்து அடுத்தது. ஒவ்வொரு படமும் அடுத்த மிரட்டலுக்கு அடமானமாக ஆனது. அவற்றைப் பார்க்க டெலிகிராம் அறைகளுக்குக் கிரிப்டோ பணத்தில் நுழைவுக் கட்டணம் வாங்கினார்கள். முக்கியக் குற்றவாளிகளில் ஒருவருக்கு 42 ஆண்டு சிறை உறுதியானது. எங்கள் பார்வையில் அதைவிட முக்கியமான மாற்றம் வேறு: சட்டவிரோதமாக எடுத்த பாலியல் வீடியோவை வைத்திருப்பது, வாங்குவது, பார்ப்பது எல்லாவற்றையும் மூன்று ஆண்டு வரை சிறை தரக்கூடிய குற்றமாக 2020இல் அந்த நாடு ஆக்கியது. கட்டணம் கட்டி உள்ளே வந்தவர்களை வெறும் பார்வையாளர்கள் என்று விட்டுவிடவில்லை.

இதே உத்தியின் இன்னொரு வடிவம் இப்போது பதின்ம வயதுப் பையன்களைக் குறிவைக்கிறது. அழகான பெண்ணின் படத்தோடு ஒரு புரொஃபைல் நட்பு கேட்கும். சில நிமிடங்களில் வேறொரு செயலிக்கு வரச் சொல்லும். முதலில் அங்கிருந்து ஒரு படம் வரும், பதிலுக்கு ஒன்று கேட்கும். அனுப்பிய மறுநொடி, அந்தப் பையனின் நண்பர்கள் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அவனுக்கே அனுப்பி, ஒரு மணி நேரத்துக்குள் பணம் கட்டச் சொல்வார்கள். இதன் மொத்த பலமும் அவசரமும் வெட்கமும்தான். பணம் கட்டினால் முடிந்துவிடும் என்பது பொய். கட்டுபவர் என்று தெரிந்ததும் அடுத்த தொகை கேட்பார்கள். இந்த மிரட்டலால் உயிரை மாய்த்துக்கொண்ட பிள்ளைகள் உண்டு. எனவே பிள்ளை சொல்ல வரும்போது “ஏன் அனுப்பினாய்?” என்பது முதல் கேள்வியாக இருக்கவே கூடாது. “நீ சொன்னது நல்லது, சேர்ந்து பார்ப்போம்” என்று சொல்லிவிட்டு, அன்றிரவு பிள்ளையைத் தனியே விடாதீர்கள்.

அடுத்து செய்ய வேண்டியவற்றில் வரிசை முக்கியம். பெரும்பாலானோர் பதற்றத்தில் முதலில் கணக்கை அழித்துவிடுகிறார்கள். ஆதாரமும் கூடவே போய்விடுகிறது. பணம் கட்டாதீர்கள், பேச்சை நிறுத்துங்கள், ஆனால் எதையும் அழிக்காதீர்கள். மிரட்டியவரின் புரொஃபைலைத் திறந்து யூசர்நேம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மேலே காட்டும் பெயர் போதாது, அதை நொடியில் மாற்றிவிடலாம். புரொஃபைலின் முழு லிங்க், மிரட்டல் செய்திகள், தேதி, நேரம், பணம் கேட்ட கணக்கு எண் அல்லது கிரிப்டோ முகவரி ஆகியவற்றைத் தனியே எழுதி வையுங்கள். தானாக மறையும் செய்தி என்றால் வேறொரு போனால் திரையைப் படம் எடுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் சில செயலிகள் எதிராளிக்குத் தெரிவித்துவிடும். டெலிகிராமில் எதிராளி நினைத்தால் உரையாடலை இரு பக்கமும் அழித்துவிட முடியும் என்பதால் தாமதம் கூடாது. இவ்வளவும் முடிந்த பிறகே பிளாக் செய்து, காவல்துறையின் சைபர் பிரிவில் புகார் கொடுக்க வேண்டும்.

குழந்தையின் படம் என்றால் ஒரு கடுமையான எச்சரிக்கை. “இதைப் பாருங்கள், அநியாயம்” என்று நல்லெண்ணத்தோடு உறவினருக்கோ பள்ளி வாட்ஸ்அப் குழுவுக்கோ அனுப்பினாலும் அது பரப்புதல்தான். அத்தகைய படத்தை வைத்திருப்பதே பல நாடுகளில் குற்றம். அதைப் பார்ப்பதும் சேமித்து வைப்பதும் போக்சோ சட்டத்தின் கீழ் குற்றமாகலாம் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பரில் தெளிவாக்கியது. படத்தைப் பிரதி எடுக்காமல் லிங்க்கையும் யூசர்நேமையும் மட்டும் காவல்துறையிடம் கொடுங்கள்.

படம் பரவாமல் தடுக்க இரண்டு இலவசச் சேவைகள் உள்ளன. 18 வயது நிறைந்தவர்களுக்கு ஸ்டாப்என்சிஐஐ டாட் ஓஆர்ஜி (StopNCII.org). 18 வயதுக்கு முன் எடுத்த படங்களுக்கு, இப்போது வயது எதுவானாலும், டேக் இட் டவுன். அமெரிக்காவின் காணாமல்போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்கான தேசிய மையம் இதை நடத்துகிறது. படத்தை யாருக்காவது அனுப்ப வேண்டியிருக்குமோ என்ற பயத்தில் பலர் இவற்றை நெருங்குவதே இல்லை. அனுப்ப வேண்டியதில்லை. உங்கள் போனிலேயே படத்திலிருந்து ‘ஹேஷ்’ என்ற எண்வரிசை ஒன்று உருவாகிறது. கைரேகையைப் போல அந்தப் படத்துக்கு உரிய அடையாளம் அது. போனை விட்டு வெளியே போவது அந்த எண்வரிசை மட்டும். அதிலிருந்து படத்தைத் திரும்ப உருவாக்க முடியாது. சேவையில் இணைந்துள்ள ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக் போன்ற தளங்கள் அதை வைத்து ஒப்பிட்டு, அதே படத்தைக் கண்டால் நீக்கும். ஸ்டாப்என்சிஐஐயில் தரப்படும் வழக்கு எண்ணையும் பின் எண்ணையும் உடனே குறித்து வையுங்கள். தொலைந்தால் நிலவரத்தைப் பார்க்க முடியாது.

இதற்கும் வரம்பு உண்டு. படம் உங்கள் கையில் இருந்தால்தான் ஹேஷ் எடுக்க முடியும். வெட்கத்தில் முதலிலேயே அழித்துவிட்டவர்கள் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள். படத்தை வெட்டியோ மாற்றியோ பதிவேற்றினால் பொருந்தாமல் போகலாம் என்பதால், கையில் உள்ள ஒவ்வொரு வடிவத்துக்கும் தனித்தனியே ஹேஷ் எடுங்கள். திட்டத்தில் சேராத தளங்களிலும் அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கும்படி மறையாக்கம் செய்த தனி உரையாடல்களிலும் இது வேலை செய்யாது. அங்கே நேரடியாகத்தான் புகார் கொடுக்க வேண்டும். அப்போது ‘ஆபாசம்’ என்ற பிரிவைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஆபாசத்தை அனுமதிக்கும் தளத்தில் அந்தப் புகார் அப்படியே தள்ளுபடியாகும். ‘சம்மதமின்றிப் பகிரப்பட்ட அந்தரங்கப் படம்’ என்ற பொருளில் உள்ள பிரிவைத் தேடிப்பிடியுங்கள். கூகுளில் தனிப் படிவம் உண்டு. ஆனால் அது தேடல் முடிவிலிருந்து மட்டுமே நீக்கும், மூலப் பக்கம் அப்படியே இருக்கும்; எனவே இரண்டு இடத்திலும் புகார் வேண்டும். நீங்களே எடுத்த படமானால் காப்புரிமைப் புகாரும் கொடுக்கலாம், சில தளங்கள் அதற்குத்தான் வேகமாக அசைகின்றன. அதில் எழுதும் பெயர் பதிவேற்றியவரின் கைக்குப் போகக்கூடும் என்பதையும் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

தளங்கள் தாமாகத் திருந்துவதில்லை. 2020 டிசம்பரில் விசாவும் மாஸ்டர்கார்டும் பணப் பரிமாற்றத்தை நிறுத்திய பிறகே, அடையாளம் சரிபார்க்கப்படாதவர்கள் ஏற்றிய லட்சக்கணக்கான வீடியோக்களைப் போர்ன்ஹப் ஒரேயடியாக முடக்கியது. அதன் பிறகும் ஓட்டை இருந்தது: பதிவேற்றியவர் யார் என்று பார்த்தார்களே தவிர, வீடியோவில் இருப்பவரிடம் நேரடியாகச் சம்மதம் கேட்கவில்லை. கனடாவின் தனியுரிமை ஆணையர் 2024 பிப்ரவரியில் சுட்டிக்காட்டிய குறை இதுதான். பழிவாங்க முன்னாள் காதலியின் வீடியோவை ஏற்றுபவன் தன் அடையாள அட்டையைத் தாராளமாகக் காட்டுவான். சரிபார்ப்பு அவனைத் தடுக்காது. சட்டங்கள் கெடு விதிக்கத் தொடங்கியுள்ளன. அந்தரங்கப் படங்களைப் புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் முடக்க வேண்டும் என்றது இந்தியாவின் 2021ஆம் ஆண்டு விதி; 2026இல் அந்தக் கெடு 2 மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. அமெரிக்கா 2025 மே மாதம் இயற்றிய சட்டம் 48 மணி நேரம் தருகிறது; செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய போலிப் படங்களும் அதில் அடங்கும்.

பத்திரிகைகளிடம் ஒரு வேண்டுகோள். இத்தகைய செய்திகளில் இணையதளத்தின் பெயரையும், டெலிகிராம் குழுவின் பெயரையும், ‘வைரலாகும் வீடியோ’ என்ற தலைப்பையும் தவிர்த்துவிடுங்கள். அவையே தேடுசொற்களாகி, செய்தி வந்த அன்றே அந்த வீடியோவை இன்னும் பலர் தேடிப் போகிறார்கள். முகத்தை மங்கலாக்கிய ஸ்கிரீன்ஷாட்டும் வேண்டாம். உடையும் அறையும் பின்னணியும் போதும், தெரிந்தவர்கள் அடையாளம் கண்டுகொள்வார்கள். ‘ஆபாசப் படத்தில் நடித்த பெண்’ என்று எழுதும் முன், அவர் ஏமாற்றப்பட்டாரா, மிரட்டப்பட்டாரா என்று காவல்துறையிடம் கேளுங்கள். செய்தியின் அடியில் இரண்டு வரி இடம் ஒதுக்கி, மேலே சொன்ன இரு சேவைகளின் பெயரையும் சைபர் பிரிவில் புகார் கொடுக்கும் வழியையும் ஒவ்வொரு முறையும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
இணையப் பாதுகாப்பு, குழந்தைகள் நலப் பணிகளில் உள்ள வாசகர்கள் சிலர்