எந்த முகவரியில் பதிவு செய்யப் போகிறாய்?

அன்புள்ள மகளுக்கு,

நீ பிரிட்டனில் உன் கையால் கட்டிய மோட்டார் சைக்கிளின் படங்கள் வந்து சேர்ந்தன. அதன் சட்டமான சேசிஸை மட்டும் தனியாக நிறுத்தி எடுத்திருந்தாயே, அதை அப்பாவிடம் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. நான் படுக்கப் போன பிறகு என் கைப்பேசியை எடுத்து வைத்துக்கொண்டு, முன்பக்கக் குழாய்கள் சேரும் இடத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். "வெல்டிங் ஒரே சீராக ஓடியிருக்கிறது" என்றார். அவர் வாயிலிருந்து அந்த ஒரு வரி வருவதற்கு என்ன மதிப்பு என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீயாகவே போன் செய்து அவரிடம் பேசு. அவராகக் கேட்கமாட்டார்.

எனக்கும் பெருமைதான். சைக்கிள் செயினைத் தொட்டாலே கை கழுவ ஓடுகிற பிள்ளை உன் அண்ணன். நீ அப்படி இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும். ஆனால் வண்டி இரண்டு சக்கரத்தில் எழுந்து நிற்கும்வரை பெற்றவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே. எப்போது தொடங்கினாய், எங்கே வைத்துச் செய்தாய், யார் இடம் கொடுத்தார்கள், எதுவும் தெரியாது. படத்தில் இருக்கும் கொட்டகை நீ இருந்த வீட்டில் கிடையாது. அந்த வீட்டுக்குப் பின்னால் ஒரு சுவரும் குப்பைத்தொட்டிகளும்தான் இருந்தன. நான் வந்திருந்தபோது பார்த்தேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பதிவு செய்வதுதான் பெரிய தலைவலி, வரி வேறு கட்ட வேண்டும் என்று எழுதியிருந்தாய். பணிக்காலம் முழுவதும் வண்டிப் பதிவுப் பிரிவில் உட்கார்ந்திருந்தவளிடம் இதைச் சொல்லிவிட்டு நீ தப்ப முடியாது. பிரிட்டன் அரசின் இணையதளத்தில் இருந்த படிவங்களை அச்செடுத்து, அடிக்கோடிட்டுப் படித்துவிட்டேன். நீ நினைக்கிற அளவுக்கு ஒன்றும் இல்லை. ஒழுங்காக வரிசையாகச் செய்தால் முடிந்துவிடும்.

முதலில் எம்.எஸ்.வி.ஏ. என்கிற, மோட்டார் சைக்கிளைத் தனி வண்டியாக ஒப்புதலுக்குச் சோதிக்கும் ஆய்வு. தொழிற்சாலையில் செய்கிற வண்டிக்கு அந்த மாதிரிக்கே மொத்தமாக ஒப்புதல் இருக்கும். கையால் கட்டிய ஒற்றை வண்டிக்கு அது இல்லாததால் அதைத் தனியாக நிறுத்திச் சோதிக்கிறார்கள். பிரேக், விளக்கு, ஹாரன், கண்ணாடி, புகை, சத்தம் இதெல்லாம் நீ எதிர்பார்த்திருப்பாய். எதிர்பார்க்காதவைதான் ஆளைத் திருப்பி அனுப்பும். கை பட்டால் கிழிக்கிற விளிம்பு எங்கும் இருக்கக் கூடாது. உன் பின் மட்கார்டைப் பிடித்திருக்கும் தகட்டின் முனை, வெட்டியது வெட்டியபடியே இருப்பது படத்தில் தெரிகிறது. அதை அரத்தால் ராவி உருட்டிவிடு. ஸ்பீடோமீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. திருட்டைத் தடுக்கும் பூட்டு வேண்டும். சைடு ஸ்டாண்டைப் பார்ப்பார்கள், நம்பர் பிளேட்டுக்கு இடம் விட்டிருக்கிறாயா என்று பார்ப்பார்கள். ஆய்வுக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போகாதே. வேனில் ஏற்றிக் கொண்டு போ. தேறினால் அமைச்சர் ஒப்புதல் சான்றிதழ் என்று ஒன்று தருவார்கள். அது இல்லாமல் ஸ்வான்சியில் இருக்கும், வண்டிப் பதிவையும் ஓட்டுநர் உரிமத்தையும் பார்க்கும் டி.வி.எல்.ஏ. அலுவலகத்துக்கு எதையும் அனுப்பிப் பயனில்லை.

அதற்குப் பிறகு படிவம். வி55 என்கிற பதிவு விண்ணப்ப வரிசையில் புது வண்டிக்கு வி55/4, பழையதற்கு வி55/5. எஞ்சின் பழையது என்பதால் உன்னுடையது எதில் வரும் என்று முன்கூட்டியே கேட்டுவிடு. கட்டிய வண்டிக்கான ஆய்வறிக்கை என்று வி627/1 இருக்கிறது, அதையும் நிரப்ப வேண்டும். வண்டியின் படங்கள், ஒவ்வொரு பாகத்துக்கும் ரசீது, முதல் பதிவுக் கட்டணம் 55 பவுண்டு. எஞ்சினை யாரிடம் வாங்கினாய்? ரசீது இருக்கிறதா? ரசீதில் எஞ்சின் எண் எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் இப்போதே போய் எழுதி வாங்கு. விற்றவர் நாளை ஊர் மாறிப் போய்விடலாம். பெயருக்கும் முகவரிக்கும் சான்று கேட்பார்கள். முகவரிக்கும், கவனி. எந்த முகவரியைக் கொடுக்கப் போகிறாய்?

சேசிஸ் எண்ணும் அவர்களிடம் கேட்டு வாங்கித்தான் குத்த வேண்டும், நாமாக ஒன்றைப் போட்டுக்கொள்ள முடியாது. எழுத்தும் எண்ணும் கலந்து 17 இடம். ஆங்கில ஐ, ஓ, க்யூ மூன்றும் அதில் வராது. ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழப்பிக்கொள்வார்கள் என்பதால் விலக்கியிருக்கிறார்கள். குத்துவதற்கு முன் வேறொரு துண்டு இரும்பில் நாலு தடவை அடித்துப் பழகு. நாங்கள் ஆய்வின்போது சேசிஸ் எண்ணின்மேல் மெல்லிய தாளை வைத்து, பென்சிலைச் சாய்த்துப் பிடித்துத் தேய்ப்போம். குழிந்த எழுத்துகள் கறுப்புக்கு நடுவே வெள்ளையாக எழும்பி வரும். ஒரே கையால் ஒரே நாளில் குத்தியது என்றால் ஆழமும் இடைவெளியும் அதிலேயே தெரிந்துவிடும். பழைய எண்ணை ராவிவிட்டு மாற்றிக் குத்தியிருந்தால், பெயிண்டுக்கு அடியில் கண்ணுக்குப் படாமல் கிடந்த அரத்தின் கோடுகள்கூடத் தாளில் வந்துவிடும். நின்றபடி வாதாடிய எத்தனையோ பேர் அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.

இதை எதற்கு எழுதுகிறேன் என்று உனக்குப் புரிந்திருக்கும். உன் நண்பர் ஒருவர் பழைய வண்டியின் பதிவுப் புத்தகம் ஒன்று வைத்திருக்கிறார், அதை இந்த வண்டிக்குப் போட்டுக்கொள்ளலாம் என்கிறார் என்று போகிறபோக்கில் சொல்லியிருந்தாய். 40 வயது தாண்டிய வண்டிக்கு அங்கே வரி இல்லை, பெரிதாக மாற்றாமல் இருந்தால் ஆண்டுச் சோதனையும் இல்லை, அதனால் லாபம் என்று அவர் சொல்கிறாராம். வேண்டாம். நூறு தடவை சொல்கிறேன், வேண்டாம். செத்துப்போன ஒரு வண்டியின் பெயரை உன் வண்டிக்கு வைக்காதே. நீ குழாயை அளந்து, வளைத்து, வெல்டு வைத்து உருவாக்கியது உன் வண்டி. அந்தப் புத்தகத்தைப் போட்ட நிமிடத்திலிருந்து அது வேறு யாரோ எப்போதோ செய்த வண்டியாகிவிடும். படிவத்தில் கையெழுத்துப் போடுவது நீ. பொய் அறிவிப்பு கொடுப்பது 1994-ஆம் ஆண்டின் வாகனத் தீர்வை மற்றும் பதிவுச் சட்டப்படி குற்றம். புத்தகத்தைக் கொடுத்தவரை யாரும் தேடமாட்டார்கள். ஒரு விபத்து என்று வந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் பார்ப்பது வண்டியும் காகிதமும் ஒன்றா என்பதைத்தான். பெரியப்பாவின் நீல ஜீப் விஷயம் உனக்குத் தெரியும். பெரியம்மா அதற்குப் பிறகு எப்படி இருந்தாள் என்பதும் தெரியும். நான் மறுபடி சொல்லவில்லை.

அந்த நண்பர் நல்லவராகவே இருக்கலாம். வண்டி வேலை நன்றாகத் தெரிந்தவராகவும் இருக்கலாம். ஆனால் உனக்கு வரி மிச்சப்படுத்தித் தருவதாகச் சொல்லி உன் கையெழுத்தைக் கேட்கிறவர் யாராக இருந்தாலும் நான் ஒரு முறைக்கு இரண்டு முறை பார்ப்பேன்.

க்யூ எழுத்தில் தொடங்கும் பதிவு எண் வந்துவிடுமோ என்று வருத்தப்பட்டிருந்தாய். வண்டியின் வயதும் பூர்வீகமும் உறுதியாகத் தெரியாதபோது க்யூ கொடுக்கிறார்கள். விருப்ப எண்ணை அதற்கு மாற்ற முடியாது, உண்மை. விற்கும்போது விலை குறையும் என்று சொல்வார்களாம். விற்கவா இவ்வளவு பாடுபட்டாய்? பழைய எஞ்சின், உன் கையால் செய்த சேசிஸ், எங்கெங்கோ வாங்கிய பாகங்கள். அந்த எழுத்து உள்ளதை உள்ளபடி சொல்கிறது. அதைப் பார்த்து யாராவது விசாரித்தால் நிமிர்ந்து நின்று பதில் சொல்லலாம். எனக்கு அந்த எண்தான் பிடித்திருக்கிறது.

வரியைப் பற்றி நீ கவலைப்பட ஒன்றுமே இல்லை. கார்களைப் போலப் புகை அளவை வைத்துக் கணக்குப் பார்ப்பதில்லை. மோட்டார் சைக்கிளுக்கு எஞ்சின் கொள்ளளவுதான்: 150 சி.சி. வரை ஒரு படி, 151 முதல் 400, 401 முதல் 600, அதற்கு மேல் ஒன்று. உன்னுடையது 500, மூன்றாவது படி. மின்சார வண்டிக்கே 2025 ஏப்ரலிலிருந்து வரி வந்துவிட்டது, அதனால் அவர்களுக்கு விலக்கு என்று பொறாமைப்படவும் வேண்டாம். மாதத் தவணையிலோ ஆறு மாதத்துக்கோ கட்டினால் கூடுதலாக ஆகும். ஆண்டுக்கு ஒரே தடவையாகக் கட்டிவிடு. 2014 அக்டோபரிலிருந்து கண்ணில் படும்படி ஒட்டும் வரி வில்லை கிடையாது, எல்லாம் கணினியில். கெடு தேதியை ஞாபகப்படுத்த வண்டியில் எதுவும் இருக்காது என்று அர்த்தம். பதிவான பிறகு, கொட்டகையில் சும்மா நின்றாலும் ஒன்று வரி இருக்க வேண்டும், இல்லையென்றால் சாலையில் ஓட்டவில்லை என்று எஸ்.ஓ.ஆர்.என். அறிவிப்பு கொடுத்திருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் விட்டால் அபராதம் வரும்.

வரிக் கெடுவை ஞாபகப்படுத்தி அனுப்பும் கடிதம் எங்கே போகும்? பதிவில் உள்ள முகவரிக்குத்தான் போகும். இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். வீடு மாறிவிட்டு டி.வி.எல்.ஏ.க்குச் சொல்லாமல் இருந்தால் 1,000 பவுண்டு வரை அபராதம் என்று எழுதியிருக்கிறார்கள். ஓட்டுநர் உரிமத்துக்கும் அப்படித்தான். உன் உரிமத்தில் எந்த முகவரி இருக்கிறது என்று எடுத்துப் பார். நான் அனுப்பிய பார்சல், அங்கே அப்படி யாரும் இல்லை என்று எழுதித் திரும்பி வந்துவிட்டது. அப்பாவிடம் தபால்காரர் தவறு என்று சொல்லி வைத்திருக்கிறேன். போனில் முகம் காட்டச் சொன்னால் வண்டியைக் காட்டுகிறாய். படங்களில் பட்டறை மேசைமேல் ஒரு ஜோடி கையுறை கிடக்கிறது. உன் கையைவிட இரண்டு மடங்கு பெரியது. யாருடையது என்று நான் கேட்கவில்லை.

இன்னொன்று. வி5சி என்கிற பதிவுப் புத்தகத்தில் வருவது பதிவுபெற்ற பொறுப்பாளரின் பெயர்தான். அது உரிமைக்குச் சான்றல்ல என்று அந்தப் புத்தகத்திலேயே அச்சிட்டிருக்கிறார்கள். உரிமைக்குச் சான்று உன் ரசீதுகள். அதனால் எல்லா ரசீதும் உன் பெயரில் இருக்கட்டும். வேறு யாராவது பணம் போட்டிருந்தால், எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகப்படுவதாக நினைக்காதே. நல்ல உறவில் இருக்கும்போது எழுதுவதுதான் சுலபம். கணவன் மனைவியாக இருந்தவர்கள் ஒரு ஸ்கூட்டருக்காக என் மேசைக்கு இருபுறமும் நின்று பேசியதை நான் கேட்டிருக்கிறேன்.

அண்ணன் இடம் மாறுவதாகச் சொல்கிறான், இன்னும் முடிவாகவில்லை. எனக்கு முழங்கால் பரவாயில்லை. அதெல்லாம் போனில் சொல்கிறேன்.

காப்பீடு எடுக்கும்போது வீட்டில் கட்டிய வண்டி என்று வாயைத் திறந்து சொல். பதிவு எண் வருவதற்கு முன்பே சேசிஸ் எண்ணை வைத்து எடுக்கலாம். சில நிறுவனங்கள் மறுக்கும், அதற்காகச் சொல்லாமல் விட்டுவிடாதே. ரசீதுகளை ஒரே கோப்பில் வை. அந்தப் பழைய புத்தகத்தை உடனே திருப்பிக் கொடுத்துவிடு.

ஸ்வான்சிக்கு எந்த முகவரியை எழுதுகிறாயோ அதை எனக்கும் எழுது. அது யாருடைய வீடாக இருந்தாலும் நான் கோபப்பட மாட்டேன். அப்பாவிடம் எப்போது, எப்படிச் சொல்வது என்பதை என்னிடம் விட்டுவிடு. தனியாகத்தான் இருக்கிறாய் என்றால் அதையும் சொல்லிவிடு. எனக்கு உன் கதவு எண்ணும் தெருப் பெயரும் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

படிவத்தை உறையில் போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து எனக்கு அனுப்பு. எழுத்துப் பிழை இருந்தால் சொல்கிறேன். ஹெல்மெட் இல்லாமல் கொட்டகை வாசலில்கூட ஓட்டிப் பார்க்காதே.

அன்புடன்,
அம்மா