படகின் எரிபொருள் தாங்கியை மாற்றித் தாருங்கள்: ஒரு திறந்த மடல்

எங்கள் நீர்த்தேக்கத்தின் படகுச் சேவைக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

மதிப்புக்குரிய ஐயா, அம்மணி,

கடந்த வாரம் படகைப் பரிசோதிக்க வந்த தங்கள் குழுவினர் துறைக்கு இறங்கி, தள மூடியைத் திறந்து பார்த்து, மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு, அக்கரைக்கு ஜீப்பில் சுற்றிக்கொண்டு சென்றார்கள். அவர்கள் எழுதிய அறிக்கையிலோ படகு பாவனைக்கு உகந்தது என்று இருக்கிறது. அவர்கள் ஏறத் துணியாத படகு எங்கள் பிள்ளைகளுக்கு எவ்வாறு உகந்ததாயிற்று என்று கேட்க ஆசைதான். ஆயினும் தாங்கள் நன்கறிந்த கோரிக்கையையே மீண்டும் பணிவோடு முன்வைக்கிறேன்: பழைய எரிபொருள் தாங்கியை அகற்றிவிட்டுப் புதியதைப் பொருத்தித் தாருங்கள்.

தாங்கி கசியத் தொடங்கியபோது தற்காலிக ஏற்பாடு என்று சொல்லி, இரண்டு இருக்கைகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் கேனை வைத்து, அதிலிருந்து இயந்திரத்துக்குக் குழாய் இழுத்துத் தந்தார்கள். அந்த ஏற்பாடு இன்றும் தொடர்கிறது. கேனுக்கு இருபுறமும் பாடசாலைப் பிள்ளைகள் கால்களை ஒடுக்கிக்கொண்டு உட்காருகிறார்கள்; அலை எழும்போது தளும்பும் பெற்றோல் புத்தகப் பைகளிலும் வெள்ளைச் சீருடையிலும் படிகிறது. கிளினிக்குக்குப் போகும் கர்ப்பிணித் தாய்மார் பாதி வழியிலேயே வாந்தி எடுக்கிறார்கள். வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போகிறவர்களிடம், கற்பூரத்தை அக்கரையில் இறங்கிய பின்னர் ஏற்றுங்கள் என்று படகோட்டித் தம்பி கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறார். பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது, அது படகின் அடிப்பள்ளத்தில் தேங்கி நிற்கும் என்பது அவருக்குத் தெரியும். ஆவியை வெளியேற்றும் ஊதுவிசிறி பழுதாகிக் கிடப்பதால், மூடியைத் திறந்து வைத்து, வாசனை தணியும்வரை காத்திருந்துதான் இயந்திரத்தை இயக்குகிறார். அந்தக் காத்திருப்பினால் தோட்டத்தின் அக்கரைப் பிரிவில் தேயிலைக் கொழுந்து எடுக்கும் பெண்கள் பிரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் நேரத்துக்கு, பிந்துகிறார்கள். பிந்தியவர்களுக்கு அரைப் பேர், அரை நாள் சம்பளம்தான். தங்கள் தாங்கியின் ஓட்டைக்குரிய அபராதத்தை அவர்கள் தம் நாட்சம்பளத்திலிருந்து கட்டி வருகிறார்கள்.

தாங்கியின் ஓட்டையை அடைக்க எபோக்சிப் பசை பூசியாகிவிட்டது என்று பதில் எழுதியிருந்தீர்கள். பூசிய இடம் கண்ணுக்குத் தெரியும் மேற்பகுதி. அலுமினியத்தைக் காப்பது காற்றுப் பட்டு அதன்மேல் உருவாகும் மெல்லிய ஒட்சைட்டுப் படலம். இந்தப் படகைக் கட்டியவர்கள் தாங்கியை இறக்கி, சுற்றிலும் நுரையை ஊற்றி, அதன்பின் தளத்தை மூடியிருக்கிறார்கள். அந்தக் காலப் படகுகள் பலவற்றில் இதே முறைதான். நுரை வருடக்கணக்கில் நீரை உறிஞ்சி உலோகத்தோடு ஒட்டி நிற்கும்போது அங்கே காற்றுப் புகாது, படலம் சிதையும், அடித்தகட்டில் ஊசித்துளைகள் விழும். அதற்கு மேலே எத்தனை முறை பூசினாலும் பயனில்லை.

தளத்தை வெட்டாமல் தாங்கியை எடுக்க முடியாது என்பதும் தங்கள் பதிலில் இருந்தது. உண்மைதான், வெட்டத்தான் வேண்டும். வெட்டிய கண்ணாடியிழைத் தளத்தை மீண்டும் ஒட்டிப் பலப்படுத்துவது அறியாத வித்தையன்று. பின்னாளில் மறுபடி வெட்ட விருப்பமில்லையெனில், மூடி வழியாக இறக்கக்கூடிய இரண்டு சிறு தாங்கிகளைப் பொருத்தலாம். பொலித்தீன் தாங்கியாயின் பெற்றோல் நிரப்பியபின் அது ஏறத்தாழ 2 சதவீதம் உப்பும்; அதற்கு இடம் விட்டே இருத்த வேண்டும். எதுவாயினும் நுரைக்குள் புதைக்காமல், கீழே நீர் வடிந்து காற்று ஓடும்படி பட்டைகள்மேல் இருத்தி, குழாய்களையும் தீயைத் தாங்கும் படகு எரிபொருள் குழாய்களுக்கான ஐ.எஸ்.ஓ. 7840 தரத்துக்கு மாற்றி, தளம் மூடுமுன் அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். பழைய குழாய்களை அப்படியே விட்டுத் தாங்கியை மாத்திரம் மாற்றினால், அடுத்த ஆண்டும் இதே மடலைத்தான் எழுத வேண்டியிருக்கும்.

பணமில்லை என்கிறீர்கள். ஆனால் படகுக்குப் புது நீல வர்ணம் பூசவும், பக்கவாட்டில் மூன்று மொழிகளில் பெயர் எழுதவும் பணம் இருந்தது. மலையகத்தின் காசல்ரீ நீர்த்தேக்கம் 1965இலும் மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் 1969இலும் நிரம்பியபோது பள்ளத்தாக்குகளோடு மக்கள் நடந்த பாதைகளும் மூழ்கின. பழைய மஸ்கெலியா நகரின் கோயிலைக்கூட வரட்சியில் நீர் வற்றினால்தான் காண முடிகிறது. காசல்ரீ நீர் விமலசுரேந்திர மின் நிலையத்தை ஓட்டுகிறது, மவுஸ்ஸாக்கலை நீர் கனியன் நிலையத்தை ஓட்டுகிறது. மலையகத்தின் நீரில் நாடு விளக்கேற்றுகிறது, நாங்களோ அந்த நீரைக் கடக்க ஒரு கேன் பெற்றோலைக் கால்களுக்கிடையே வைத்துக்கொண்டு போகிறோம். 2022இல் எரிபொருள் நெருக்கடியின்போது கேனில் பெற்றோல் தருவது ஆபத்தென்றும் சட்டவிரோதமென்றும் நிரப்பு நிலையங்களில் எங்களுக்குப் பாடம் நடத்தினார்கள். அந்தப் பாடத்தை அரச படகொன்றும் கற்றிருக்கலாம்.

கோபத்தில் சற்று அதிகம் எழுதிவிட்டேன்; பொறுத்தருள வேண்டும். நாங்கள் புதுப் படகு கேட்கவில்லை. இயந்திரம் நன்றாக ஓடுகிறது, உடற்பகுதியும் உறுதியாக இருக்கிறது. தாங்கியையும் குழாய்களையும் மாற்றி, ஊதுவிசிறியையும் திருத்தித் தந்தால் போதும். மே மாதத்தில் தென்மேல் பருவமழை தொடங்கிக் காற்று பலத்துவிட்டால், தளத்தைத் திறந்து வைத்து வேலை செய்ய இயலாது. ஆகையால் சித்திரைக்குள் வேலையை முடித்துத் தருமாறும், படகு கரையில் நிற்கும் நாட்களில் பிள்ளைகளைச் சுற்றுப்பாதையால் கொண்டு செல்ல ஒரு வாகனம் ஒழுங்கு செய்யுமாறும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். வேலை தொடங்கும் திகதியை எழுத்தில் அறியத்தந்தால், அதனைத் துறையிலும் கொழுந்து நிறுக்கும் மடுவத்திலும் ஒட்டிவைப்போம்.

இப்படிக்கு,
அக்கரைப் பிரிவுப் பெற்றோர் சார்பில்,
ஓய்வுபெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியர்